கைக்குட்டையின் கனம்

ராஜபாளையத்து நூற்பாலைக்காரரிடம் எகிப்து என்று சொல்லிப் பாருங்கள். பிரமிடுக்கு முன்னால் கீஸா பருத்திதான் அவர் நினைவுக்கு வரும். மெல்லிய நூலுக்கு நீள இழை வேண்டும். கரிசல் பருத்தியின் இழை குட்டை. அதனால் நைல் நதிக் கழிமுகத்தில் விளைந்த பஞ்சும் கப்பலேறி, பேல் பேலாக இங்கே வந்து இறங்குகிறது. மிக்ஸிங்கில் பிரிந்து, கார்டிங்கில் சீவி, கடைசியில் கதிரில் ஏறும்போது அது எந்த ஊர்ப் பஞ்சு என்று யாரும் கேட்பதில்லை.

அந்தப் பருத்திக் காடுகளில் கூலி வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பற்றி நாவல் ஒன்று இருக்கிறது. பெயர் ‘ஸைனப்’. 1913இல் கெய்ரோவில் வந்தது. முதல் பதிப்பில் ஆசிரியர் பெயர் இல்லை; எகிப்திய உழவன் ஒருவன் எழுதியது என்று மட்டும் போட்டிருந்தது. எழுதியவர் கலப்பை பிடித்தவர் இல்லை. முகம்மது ஹுசைன் ஹைக்கல் என்பது அவர் பெயர். நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை, பாரிஸில் சட்டம் படித்தவர். அங்கே முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் எகிப்தின் பொதுக்கடன். ஒரு பக்கம் கடன் கணக்கு, இன்னொரு பக்கம் ஊரை நினைத்து ஏங்கி எழுதிய காதல் கதை. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாதது போலத் தோன்றும். ஆனால் அந்தக் கடனுக்கு மூலமே பருத்திதான். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு கிடைக்காமல் எகிப்துப் பருத்தியின் விலை எகிறியது. அந்த வரவை நம்பி மன்னர் இஸ்மாயில் கடன் மேல் கடன் வாங்கினார். போர் முடிந்து விலை சரிந்ததும் கடன் கழுத்தை நெரித்தது; 1882இல் பிரிட்டிஷ் படை உள்ளே வந்தது. திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கும் அதே போரில்தான் திடீர் மவுசு. நம் கரிசலும் நைல் கரையும் ஒரே சந்தையின் இரண்டு தராசுத் தட்டுகளாக இருந்த காலம் அது.

கதை சின்னது. ஸைனப் கூலிக்காரப் பெண். வேலையாட்களுக்குத் தலைவனாக இருக்கும் இப்ராஹிம் மேல் அவளுக்குப் பிரியம். வீட்டார் ஹஸனுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். ஹஸன் நல்லவன், அதுதான் கொடுமை, வெறுக்கக்கூட முடியாது. இப்ராஹிமைப் பட்டாளத்துக்குப் பிடிக்கிறார்கள். பணம் கட்டினால் விலக்கு உண்டு. கட்ட அவனிடம் இல்லை. சூடானுக்கு அனுப்பிவிடுகிறார்கள். போகும்போது அவன் கைக்குட்டை அவளிடம் தங்கிவிடுகிறது. பிறகு காசநோய், இருமல், படுக்கை. சாகும்போது அவள் கேட்பது ஒன்றே ஒன்று: அந்தக் கைக்குட்டையைத் தன்னோடு சேர்த்துப் புதைக்க வேண்டும்.

குறை சொல்லலாம், நிறையவே. நாவலில் நிலா அளவுக்கு மீறி எரிகிறது. நிலக்கிழார் மகன் ஹாமித் பெருமூச்சு விடும் பக்கங்களை நான் தாண்டிப் போனதுண்டு. அவன் கடைசியில் எழுதும் நீண்ட கடிதத்தைப் பொறுமையாகப் படிப்பவருக்குத் தனிப் பரிசு கொடுக்கலாம். ஆனாலும் அந்தக் கைக்குட்டை! காலணா பெறாத சதுரத் துணி. அதன் ஒரு முனையில் பட்டாள விலக்குக்குப் பணம் இல்லாத வறுமை, இன்னொரு முனையில் வாய் திறந்து சொல்ல முடியாத பெண்ணின் ஆசை, நடுவில் அவளே காட்டில் எடுத்திருக்கக்கூடிய பருத்தி. ஹைக்கல் இதில் எதையும் விளக்கவில்லை. நிலவைப் பற்றி அத்தனை பக்கம் பேசியவர் கைக்குட்டையைப் பற்றிப் பேசாமல் விட்டாரே, அந்த இடத்தில்தான் அவர் நாவலாசிரியர் ஆகிறார். இன்னொன்றும் செய்தார்: கதையைச் செந்நடை அரபியில் சொல்லிவிட்டு, பாத்திரங்களை எகிப்துப் பேச்சு வழக்கில் பேசவிட்டார். வட்டார வழக்கு எழுத்தில் ஏறலாமா கூடாதா என்று நம் ஊரில் நடந்த சண்டையை அறிந்தவர்களுக்கு அந்தத் துணிச்சலின் அளவு தெரியும்.

‘ஸைனப்’ முதல் அரபு நாவல்தானா என்பதில் வழக்கு உண்டு. பெய்ரூத்தில் ஸலீம் அல்-புஸ்தானி 1870லேயே பத்திரிகையில் தொடர்கதை எழுதினார். ஜுர்ஜி ஸைதான் 1892இல் ‘அல்-ஹிலால்’ பத்திரிகையைத் தொடங்கி, இஸ்லாமிய வரலாற்றைக் காதலும் சூழ்ச்சியும் கலந்து தொடர் தொடராகக் கொடுத்தார். கல்கியைத் தொடராகப் படித்தவர்களுக்கு அந்தச் சுவை புரியும். முவைலிஹியின் ‘ஈஸா இப்னு ஹிஷாமின் உரை’ 1898 முதல் பத்திரிகையில் வந்து, 1907இல் நூலானது. எகிப்தை ஆண்ட முகம்மது அலி காலத்துப் பாஷா ஒருவர் கல்லறையிலிருந்து எழுந்து வந்து, கழுதைக்காரனின் கூலித் தகராறில் மாட்டி, போலீஸ், கோர்ட் என்று அலைகிற வேடிக்கை அது. எதுகை போட்டு நடக்கும் பழைய அரபு உரைநடையின் சட்டையை முவைலிஹி இன்னும் கழற்றவில்லை. எல்லாமே ஒய்யாரமாக ஒலிக்கும். ஆனால் கழுதைக்காரனின் கையில் இருக்கும் கயிறு எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியாது.

தமிழிலும் ஒரு வேடிக்கை. கண்டியில் வக்கீலாக இருந்த சித்தி லெப்பை 1885இல் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ என்று ஒரு நாவல் எழுதினார். கதையின் வேர் எகிப்தில். அதாவது ‘ஸைனப்’ வருவதற்கு 28 ஆண்டுகள் முன்பே கெய்ரோ தமிழ் நாவலுக்குள் வந்துவிட்டது. பிரிட்டிஷாரை எதிர்த்துத் தோற்ற ஒராபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு அங்கே வாழ்ந்துகொண்டிருந்த நேரம் அது. நவீன அரபுக் கவிதையின் மூத்தவரான பாரூதியும் அவரோடு நாடுகடத்தப்பட்டவர். அசன்பேயில் குழந்தை கடத்தப்படும், கடல் தாண்டும், வளரும், அடையாளம் தெரிந்து பெற்றோரிடம் சேரும். அந்தக் காலத்துத் தமிழ், அரபு நாவல்கள் இரண்டும் இப்படித்தான் ஓடின. மூச்சுவாங்க ஓடுகிறவர் வழியில் கிடக்கும் கைக்குட்டையைக் குனிந்து எடுப்பாரா?

நுணுக்கமாகப் பார்க்கும் கண் நாவலோடுதான் வந்தது என்று யாராவது சொன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். இங்கே ஆண்டாளின் கையில் இருக்கும் கிளி தினமும் புதிதாகப் பிறக்கிறது. மாதுளம்பூவில் மூக்கு, இலைகளில் உடம்பும் இறகும். மணிக்கணக்கில் உட்கார்ந்து கட்டுகிறார்கள். மறுநாளைக்கு வேறு கிளி. இந்த ஊரைக் களமாக வைத்துக் கிருஷ்ணதேவராயர் 16ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் பாடிய காவியம் ‘ஆமுக்தமால்யத’. அதில் ஒரு காட்சியை யாராலும் மறக்க முடியாது. விடியற்காலை, வாய்க்கால் ஓரம், வாத்துகள் தலையை இறக்கைக்குள் செருகிக்கொண்டு வெள்ளை வெள்ளையாகத் தூங்குகின்றன. காவல்காரர்கள் பார்க்கிறார்கள். குளித்துவிட்டுப் போன பிராமணர்கள் பிழிந்து வைத்த வேட்டிகளை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று எண்ணி, எடுத்துக் கொடுக்கலாம் என்று தண்ணீரில் இறங்குகிறார்கள். வாத்துகள் படபடவென்று பறக்கின்றன. வயலில் காவல் இருக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். அரசர் ஒருவர் பாடிய பாட்டில் அரசாங்கக் காவலரைப் பார்த்து வயற்காட்டுப் பெண்கள் சிரிக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். இதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் ராஜபாளையத்து மு.கு. ஜகந்நாதராஜா. பிராகிருதத்திலிருந்து ‘காதா சப்தசதி’யையும் தந்தவர் அவர். பக்கத்து ஊரைப் பற்றிய தெலுங்குப் பாட்டு, தெலுங்கு பேசும் வீட்டுத் தமிழறிஞர் கையால் ஊருக்கே திரும்பி வந்தது.

ஆனால் வாத்து பறந்ததும் கவிதை அடுத்த அழகுக்கு நகர்ந்துவிடுகிறது. வாத்துக்கு அதற்கு மேல் வேலை இல்லை. யாருடைய வாழ்க்கையும் அந்த வாத்தை நம்பி நிற்கவில்லை. அரபியிலும் 9ஆம் நூற்றாண்டில் அல்-ஜாஹிஸ் கஞ்சர்களைப் பற்றி எழுதிய நூலில் விளக்குத் திரி, எண்ணெய், ரொட்டித் துண்டு என்று எத்தனையோ நுணுக்கங்கள். படித்தால் வயிறு குலுங்கும், அதோடு சரி. காவியத்தில் சிறுபொருள் நகை. நாவலில் அது சுமைகூலி. அரபு நாவல் வளர்ந்த கதையை எப்படி எப்படியோ சொல்கிறார்கள்: ஐரோப்பியத் தாக்கம், பத்திரிகை, தேசியம் என்று. எனக்கு அது சிறுபொருள்கள் பாரம் தூக்கக் கற்றுக்கொண்ட கதையாகத்தான் தெரிகிறது.

தவ்ஃபீக் அல்-ஹகீமின் ‘கிராமத்து அரசு வழக்கறிஞரின் நாட்குறிப்பு’ 1937இல் வந்தது. அவரே அந்த வேலை பார்த்தவர். கொலை வழக்கு ஒன்று நடக்கிறது. ஆனால் கொலைகாரன் யார் என்ற கேள்வியைவிட கோர்ட்டுக் காட்சிகள்தான் மனசில் நிற்கின்றன. வாய்க்காலில் துணி துவைத்த குற்றத்துக்காக ஒரு குடியானவனை நிறுத்தி அபராதம் போடுகிறார்கள். பின்னே எங்கே துவைப்பது என்பது அவன் கேள்வி. சட்டம் பிரெஞ்சுக்காரனுடையது, வாய்க்கால் அவனுடையது. கெய்ரோவிலிருந்து வரும் நீதிபதிக்குப் பதினொரு மணி ரயிலைப் பிடித்தாக வேண்டும். அதனால் வழக்குகள் பறக்கின்றன. நடுவில் கோர்ட்டுச் சேவகன் அவருக்காகச் சந்தையில் இறைச்சியும் முட்டையும் வாங்கி வைத்தானா என்ற விசாரணையும் உண்டு. அந்த முட்டைக் கூடையைப் பாருங்கள். ஒரு நாட்டின் நீதி முறையைப் பற்றி நூறு பக்கம் கட்டுரை எழுதினாலும் அந்தக் கூடை சொல்வதைச் சொல்ல முடியாது. ஹகீம் கோபப்படவே இல்லை. ரயில் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்கிறார்.

இனி நஜீப் மஹ்ஃபூஸ். அவசரப்படக் கூடாத இடம் இது.

கெய்ரோ முத்தொகுதியை அவர் 1952 ஏப்ரலில் முடித்தார். ஒரே நாவலாக அவர் கொண்டுபோன கையெழுத்துப் பிரதியின் பருமனைப் பார்த்துப் பதிப்பாளர் மிரண்டு போனார். கடைசியில் மூன்றாகப் பிரித்து 1956, 1957இல் வந்தது. மூன்றுக்கும் பெயர் கெய்ரோவின் தெருக்கள்தான். 1917 முதல் 1944 வரை ஒரு வியாபாரியின் குடும்பம். முதல் தொகுதி ‘பைனல் கஸ்ரைன்’. நடுராத்திரியில் தொடங்குகிறது. ஆமினா விழிக்கிறாள். கடிகார மணி இல்லை, யாரும் எழுப்பவில்லை. வருஷக்கணக்கான பழக்கம் எழுப்புகிறது. கணவன் அஹ்மத் அப்துல் ஜவாத் கூத்தும் குடியுமாக ஊர் சுற்றிவிட்டுத் திரும்பும் நேரம். மரச் சல்லடை போட்ட பலகணிக்குள் நின்று, அதன் துளைகள் வழியே தெருவைப் பார்க்கிறாள். அவள் பார்த்த கெய்ரோ அவ்வளவுதான். மொத்த நகரமும் அந்தச் சிறு துளைகளின் அளவு. குதிரை வண்டி வந்து நிற்கிறது. கூட்டாளிகளிடம் விடைபெறும்போது கணவன் சிரிக்கும் சிரிப்பு மேலே கேட்கிறது. வீட்டுக்குள் அவன் அப்படிச் சிரித்ததில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் கணவனின் சிரிப்பு அவளுக்குத் தெருவிலிருந்து இரவலாகத்தான் கிடைக்கிறது. மஹ்ஃபூஸ் இதற்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் விடுவதில்லை. உடனே கைத்தடி படியில் தட்டும் ஓசை. அவள் விளக்கோடு மாடிப்படித் தலையில் போய் நிற்கிறாள்.

சிரிப்பு, தடி, விளக்கு. மூன்றே பொருள். ஆயிரத்துச் சொச்சம் பக்கத்துக்கான கடைக்கால் இந்த இரண்டு மூன்று பக்கத்தில் போட்டாகிவிட்டது. நம் ஊர்க் கட்டுவீடுகளில், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளே பேச்சு நின்றுபோவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அஹ்மத் அப்துல் ஜவாதை அறிமுகம் செய்துவைக்கத் தேவையில்லை.

விடியும்போது இன்னொரு ஓசை. முற்றத்து அடுப்பறையில் ரொட்டி மாவை அடித்துப் பிசையும் சத்தம். வீட்டில் தூங்குகிறவர்களை அதுதான் தட்டி எழுப்புகிறது. காலைச் சாப்பாட்டில் தகப்பனும் மூன்று மகன்களும் உட்கார்வார்கள். ஆமினா தண்ணீரோடு நின்றுகொண்டிருப்பாள். தகப்பன் கை வைக்கும் வரை மகன்கள் தொடக்கூடாது. சாயங்காலம் தகப்பன் கடையில் இருக்கும் நேரம் தாயும் பிள்ளைகளும் கணப்பைச் சுற்றிக் காப்பியோடு உட்காரும்போதுதான் வீடு மூச்சுவிடுகிறது. சர்வாதிகாரம் என்ற சொல்லே இல்லாமல் ஒரு சர்வாதிகாரத்தை நேர அட்டவணையாகவே எழுதிக் காட்டுகிறார். பிறகு ஒரு நாள், கணவன் வெளியூர் போன சமயம், பிள்ளைகள் தைரியம் சொல்ல, பக்கத்திலேயே இருக்கும் ஹுசைன் பள்ளிவாசலுக்கு ஆமினா போகிறாள். திரும்பும் வழியில் மோட்டார் இடித்துத் தோளெலும்பு முறிகிறது. எலும்பு கூடும் வரை பொறுத்திருந்த கணவன், கூடியதும் அவளைத் தாய் வீட்டுக்குத் துரத்துகிறான். காயம் ஆறக் காத்திருந்தானே, அது கருணையா கொடூரமா? படித்து முடித்தும் எனக்கு இது தீரவில்லை. இரண்டும் ஒரே ஆளில் இருக்கலாம் என்று ஒத்துக்கொள்ள அரபு நாவலுக்கு 1956 வரை ஆகியிருக்கிறது.

முதல் தொகுதியின் முடிவு இன்னும் கெட்டியானது. பிரிட்டிஷாரை எதிர்த்த 1919 போராட்டத்தின்போது ஊர்வலம் ஒன்றில் மகன் ஃபஹ்மி சுடப்பட்டுச் செத்துவிட்டான். தகப்பனுக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியாது. செய்தியைச் சுமந்துகொண்டு அவன் வீட்டுக்குள் வரும்போது, சின்னவன் கமால் உள்ளே பாடிக்கொண்டிருக்கிறான். அந்தக் காலத்துக் கெய்ரோவில் எல்லோர் வாயிலும் இருந்த காதல் பாட்டு. அதோடு தொகுதி முடிகிறது. ஒப்பாரியை எழுதத் தெரிந்தவர்கள் ஏராளம். ஒப்பாரி தொடங்குவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் நிறுத்தத் தெரிந்தவர்கள் குறைவு. 1988இல் ஸ்டாக்ஹோம்காரர்கள் பரிசு கொடுத்தது எதற்காகவோ இருக்கட்டும், என் கணக்கில் இந்த ஒரு பாட்டுக்கே கொடுக்கலாம்.

இந்த வேலைத்தனத்துக்கு நம் கரிசலில் இணை தேடினால் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) வந்து நிற்கும். கம்மாயில் தண்ணீர் குடிக்க இறங்கிய கர்ப்பிணிப் பெண்ணை நகைக்காகக் கள்ளன் ஒருவன் தண்ணீருக்குள் அழுத்திக் கொல்கிறான். உயிர் போகும் நேரத்தில் அவள் அவன் கால்விரலைக் கவ்விவிடுகிறாள். செத்தவளின் பல்லிலிருந்து விரலை விடுவிக்க முடியாமல் அவன் அகப்படுகிறான். போலீஸ் இல்லாத காலத்து நியாயம், ஒரு பெண்ணின் கடைசிப் பலம், கள்ளனின் அபத்த நிலை எல்லாம் அந்த ஒரு விரலில். ஆந்திரத்திலிருந்து ஓடிவந்து குடியேறியவர்களின் கதை என்பதால் ராஜபாளையத்துப் பெரிய வீடுகளில் இதை அயலார் கதையாக யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

சூடான்காரர் தய்யிப் ஸாலிஹின் ‘வடக்கே இடம்பெயரும் பருவம்’ 1966இல் வந்தது. நான் அதை இரண்டு அறைகளின் நாவல் என்று சொல்வேன். ஒன்று கதைசொல்லியின் பாட்டனார் அறை. வெங்காயம், மிளகாய், பேரீச்சை, வெந்தயம், சாம்பிராணி என்று எல்லா வாசனையும் கலந்து கிடக்கும் மண்வீடு. கம்மம்புல் குலுக்கையும் மல்லி மூட்டையும் ஒரே மூலையில் கிடந்த சம்சாரி வீட்டுக்குள் நுழைந்தவர்களின் மூக்குக்கு அது பழகிய இடம். மற்றொன்று, லண்டனில் பெரும் படிப்புப் படித்து, பெண்களைச் சீரழித்து, ஒருத்தியைக் கொன்று, சிறையும் கண்டு, நைல் வளைவில் உள்ள சின்ன ஊரில் ஒன்றும் தெரியாத உழவனைப் போல் வந்து ஒளிந்துகொண்ட முஸ்தஃபா ஸயீதின் பூட்டிய அறை. திறந்து பார்த்தால், வெயில் கொளுத்தும் அந்த ஊரில் ஆங்கிலேயக் கணப்பு அடுப்பு. சுவர் முழுக்கப் புத்தகம். ஒன்றுகூட அரபி இல்லை, குர்ஆனும் ஆங்கிலத்தில். காலனி ஆட்சி மனிதனுக்குள் என்ன செய்தது என்பதற்கு எத்தனையோ நூல்கள் உண்டு. அந்த அலமாரி அவற்றை எல்லாம் ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது.

கஸ்ஸான் கனஃபானியின் ‘வெயிலில் மனிதர்கள்’ (1963) குறுநாவல். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு தென்தமிழ்நாட்டில் குறைவு என்பதால் அதை இங்கே படிப்பது சுலபமில்லை. குவைத்துக்குத் திருட்டுத்தனமாகப் போகும் மூன்று பாலஸ்தீனியர்கள் காலித் தண்ணீர் லாரியின் தொட்டிக்குள், ஆகஸ்ட் வெயிலில். ஆறேழு நிமிஷம்தான் என்கிறான் டிரைவர். எல்லைச் சாவடி அதிகாரிகள் ஒரு நாட்டியக்காரியைப் பற்றி அவனிடம் வம்பளந்து நேரத்தை இழுக்கிறார்கள். மூவரும் வெந்து செத்துவிடுகிறார்கள். குப்பைமேட்டில் போட்டுவிட்டு நகர்ந்த டிரைவர் திரும்பி வந்து அவர்களின் பணத்தையும், பையனின் மணிக்கட்டிலிருந்து கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொள்கிறான். நிமிஷங்களால் கொல்லப்பட்டவனின் கடிகாரம். கனஃபானி அதைத் தொட்டுக் காட்டக்கூட இல்லை. அதன்பிறகுதான் டிரைவர், ஏன் தொட்டியைத் தட்டவில்லை என்று பாலைவனத்தைப் பார்த்துக் கத்துகிறான். எல்லோரும் மேற்கோள் காட்டுவது அந்தக் கேள்வியைத்தான். எனக்குக் கடிகாரம்தான் பெரிது.

ஓமான்காரர் ஜோகா அல்ஹார்த்தியின் நாவல் அரபியில் 2010இல் வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2019இல் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தபோது, அரபியில் எழுதப்பட்ட ஒரு நாவலுக்கு அந்தப் பரிசு முதல்முறையாகப் போனது. மையா சிங்கர் தையல் மிஷின் முன்னால் எப்போதும் உட்கார்ந்திருக்கும் பெண். அவளுக்கு அலி பின் கலஃப் மேல் காதல். லண்டனில் பல வருஷம் படித்தும் பட்டம் இல்லாமல் ஊர் திரும்பியவன் அவன். ஒரு வார்த்தை பேசியதில்லை. கை மட்டும் துணியைத் தள்ளுகிறது, ஊசி ஏறி இறங்குகிறது. தாய் வந்து வேறு மாப்பிள்ளையைச் சொல்கிறாள், மையா கட்டிக்கொள்கிறாள். மகள் பிறந்ததும் அவள் வைக்கும் பெயர் லண்டன். பார்க்க வந்த பெண்கள் இது என்ன பெயர் என்று முகம் சுளிக்கிறார்கள். மையா காரணம் சொல்லவில்லை; ஆசிரியரும் சொல்லவில்லை. கணவன் அப்துல்லா விமானத்தில் உட்கார்ந்து தன் வாழ்க்கை முழுவதையும் எண்ணிப் பார்க்கிறான். நாவலின் ஒரு பகுதி அவன் குரலில்தான் நடக்கிறது. மகளின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். அந்தப் பெயருக்குள் யார் உட்கார்ந்திருக்கிறான் என்பதில் வாசகருக்குத் தெரிந்த அளவுகூட அவனுக்குத் தெரியாது.